46ஆம் பல்லுக்கு ஓர் உறை, அது போய்விட்டால் ஒரு பாலம்

சிங்கப்பூர்ப் பல் மருந்தகத்தில் தந்த விலைக்குறிப்பில் "46 கிரவுன்" என்று இருந்தால் பதற வேண்டாம். நாற்பத்தாறு உறை போடப்போவதில்லை. 46 என்பது ஒரு பல்லின் முகவரி. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று எண் கொடுப்பார்கள். அடுத்த இலக்கம், முன்வாயின் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆகவே 46 என்றால் கீழ்வலப் பக்கத்து ஆறாவது பல், அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். வலதும் இடதும் நோயாளியுடையவை. எதிரே நிற்கும் மருத்துவருடையவை அல்ல.

இந்த 46ஐயே பிடித்துக்கொண்டு போவோம். ஆறு வயது வாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைப்பது இது. அதனால் இதையும் பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைத்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. இது விழுந்தால் முளைக்காது. சிறு வயதிலேயே சொத்தை, ஓர் அடைப்பு (ஃபில்லிங்), சில வருடத்தில் அதைவிடப் பெரிய அடைப்பு, பிறகு வேர்ச் சிகிச்சை (ரூட் கெனால்), கடைசியில் ஒரு தீபாவளி முறுக்கில் பக்கச்சுவர் பெயர்ந்து கையோடு வந்துவிடும். பழி முறுக்குக்குப் போகும். ஆனால் அந்தச் சுவர் அதற்கு முன்பே மெலிந்துபோய்த்தான் நின்றிருக்கும்.

அடைப்பு போதாத இடம்

அடைப்பு பல்லுக்கு உள்ளே உட்காருகிறது. உறை, அதாவது கிரவுன், பல்லை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. குழி சிறியதாக இருக்கும்வரை சுற்றிலும் உள்ள சுவர்கள் கடியைத் தாங்கும். குழி பல்லின் அகலத்தில் பாதியைத் தாண்டிவிட்டால், ஒவ்வொரு கடிக்கும் அடைப்பு ஓர் ஆப்பைப்போல இருபக்கச் சுவர்களையும் வெளியே தள்ளும். மரம் பிளக்கும் வித்தைதான்.

வேர்ச் சிகிச்சை செய்த பல் "செத்துப்போய்க் காய்ந்துவிட்டது, அதனால் உடைகிறது" என்று சொல்வார்கள். முக்கியக் காரணம் அது அல்ல. சொத்தை தின்றது ஒரு பங்கு, வேரை எட்ட மேலிருந்து துளையிட்டது ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்து பல்லை உள்ளே குடைந்துவிட்டன. அதனால்தான் வேர்ச் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்குத் தாமதிக்காமல் உறை போடச் சொல்கிறார்கள். வலி நின்றுவிட்டதே என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டு, பல் வேர்வரை பிளந்தபின் வருபவர்களுக்கு உறை போட வழியில்லை, பிடுங்க வேண்டியதுதான். முன்பல் என்றால் கதை வேறு. அங்கே கடியின் பாரம் குறைவு, பல்லும் பெரும்பாலும் முழுசாக இருக்கும். பின்பக்கத் துளையை அடைத்தாலே பல நேரம் போதும்.

விரிசல் விட்ட பல் இன்னொரு காரணம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: கடிக்கும்போது ஒன்றும் இருக்காது, கடித்துவிட்டு வாயைத் திறக்கிற அந்தக் கணத்தில் சுரீர் என்று வெட்டும். விரிந்த பிளவு திரும்ப மூடும்போது வருகிற வலி அது. எக்ஸ்ரேயில் இது தெரியாமலேயே போகலாம்.

உறை தேவைப்படாத பல்லுக்கும் உறை பேசப்படுவதுண்டு. சின்ன அடைப்பு, நிறம் மங்கல், லேசான கோணல், இவற்றுக்கெல்லாம் நல்ல பல்லைச் சுற்றிலும் தேய்ப்பது அநியாயம். எனாமல் திரும்ப வளராது, தேய்த்தது தேய்த்ததுதான். ஒரு முகடு மட்டும் உடைந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மூடும் ஆன்லே என்ற அரை உறை இருக்கிறது. அது போதுமா என்று கேட்பதில் தவறில்லை.

வண்டிச் சக்கரத்துப் பட்டை

மாட்டுவண்டிச் சக்கரத்தில் மரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருப்பார்கள். பட்டைக்கு உள்ளே நல்ல மரம் இருந்தால்தான் அது இறுக்கும். உறையும் அப்படியே. ஈறுக்கு மேலே சுற்றிலும் குறைந்தது 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஆரோக்கியமான சொந்தப் பல் வேண்டும். அதை உறையின் ஓரம் கவ்விப் பிடிக்கும். அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாமல் அடைப்புப் பொருள்மேல் மட்டும் உறையை உட்கார வைத்தால், சில மாதத்திலோ வருடத்திலோ உறை, அடைப்பு இரண்டும் சேர்ந்து கழன்று வரும், அல்லது வேர் பிளக்கும்.

வேருக்குள் ஒரு கம்பி வைத்துக் கட்டினால் பலம் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. போஸ்ட் எனப்படும் அந்தக் கம்பி மேலே கட்டும் அடைப்புக்குப் பிடிமானம் தருகிறது, அவ்வளவுதான். வேருக்கு அது பலம் சேர்ப்பதில்லை. பல் குட்டையாகிவிட்டால் ஈறையும் கொஞ்சம் எலும்பையும் இறக்கிப் பல்லை வெளியே காட்டும் சிறு அறுவைச் சிகிச்சை ஒரு வழி. அதுவும் முடியாத பல்லில் ஆயிரம் வெள்ளி விலையுள்ள உறையைப் போடுவதைவிடப் பல்லை விட்டுவிடுவது சரி. "இந்தப் பல்லில் சுற்றிலும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?" என்பதுதான் எந்தப் பொருள், என்ன விலை என்பதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

நாற்காலியில் இரண்டு முறை

முதல் முறை சுமார் ஒரு மணி நேரம் ஆகும். உயிருள்ள பல் என்றால் மரத்துப்போக ஊசி. அதற்கும் முன்னால் நிறம் பார்க்க வேண்டும். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து வெளுத்துக் காட்டும். அப்போது பார்த்த நிறத்துக்குச் செய்த உறை பிறகு பக்கத்துப் பல்லைவிட வெள்ளையாக நிற்கும். பல்லை வெளுக்கச் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் உறை எந்த மருந்துக்கும் வெளுக்காது.

பிறகு பழைய அடைப்பையும் சொத்தையையும் எடுத்து, குழியை நிரப்பி, பல்லைச் சுற்றிலும் தேய்ப்பார்கள். கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர், பக்கங்களில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. பக்கச்சுவர்கள் மேல்நோக்கி மிக லேசாகக் குவிய வேண்டும். அதிகம் குவிந்தால் கூம்புத் தொப்பிபோல உறை வழுக்கிக் கழலும். குவியாவிட்டால் உறை உள்ளே இறங்கவே இறங்காது. கடைவாய்ப் பல்லில் தேய்த்தபின் சுமார் 4 மில்லிமீட்டர் உயரமாவது நிற்பது நல்லது.

அடுத்து அச்சு எடுப்பது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெல்லிய நூலைச் செருகி ஈறை ஒதுக்கி, சிலிக்கோன் பசையில் அச்சு எடுப்பார்கள், அல்லது சிறு கேமராக் கோலை வாய்க்குள் நகர்த்தி ஸ்கேன் செய்வார்கள். குமட்டல் உள்ளவர்களுக்கு ஸ்கேன் பெரிய நிம்மதி. எந்த வழியானாலும், இரத்தமோ எச்சிலோ ஓரத்தை மறைத்தால் உறையின் ஓரமும் பிசகும். ஈறு வீங்கி இரத்தம் கசிந்துகொண்டிருப்பவரை முதலில் பல் சுத்தம் செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வது காலம் கடத்துவதற்காக அல்ல.

பல் ஆய்வகம் உறையைச் செய்துதர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒரு தற்காலிகப் பிளாஸ்டிக் உறை, வேண்டுமென்றே பலமில்லாத பசையில் ஒட்டியிருக்கும். சிங்கப்பூரில் சூயிங் கம் தொல்லை இல்லை. ஆனால் டோடோல், எள்ளுருண்டை, கடலை மிட்டாய் உண்டே, அவை தற்காலிக உறையைப் பிடுங்கிக்கொண்டு வரும். பல்லிடையைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். மீன்தலைக் கறி சாப்பிட்டு அது மஞ்சளாகிவிட்டால் கவலையில்லை, எப்படியும் கழற்றப்போவதுதான். கழன்று விழுந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. தேய்த்த பல் மூடாமல் இருந்தால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும், நிரந்தர உறை வந்து சேரும்போது உட்காராது. ஆய்வகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

இரண்டாவது முறை பொருத்துவது. ஒட்டுவதற்கு முன் மூன்று சோதனை நடக்க வேண்டும்: ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா, பக்கத்துப் பல்லோடு ஃபிளாஸ் லேசான இறுக்கத்துடன் போய் வருகிறதா, வண்ணத்தாளைக் கடிக்கும்போது அந்த உறைமேல் மட்டும் அழுத்தமான புள்ளி விழுகிறதா. இறுக்கம் தளர்வாக இருந்தால் சாப்பிடும்போதெல்லாம் இறைச்சி நார் சிக்கும். அதை ஒட்டியபின் சரிசெய்ய முடியாது, ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் ஒட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடி உயர்ந்திருப்பது தெரியாமல் போவது சகஜம், மரத்த வாய்க்கு எதுவும் தெரியாது. மறுநாள் கடித்தால் அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது என்றால் "பழகிவிடும்" என்று இருக்க வேண்டாம். தேய்த்துச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. தேய்த்த இடத்தை மெருகேற்றினார்களா என்றும் பாருங்கள், சொரசொரப்பாக விட்ட செராமிக் எதிர்ப்பல்லை அரம்போல ராவும்.

எந்தப் பொருள்

கடைவாய்ப் பல்லுக்கு இன்று பரவலாகச் சொல்வது சர்க்கோனியா என்ற செராமிக். வலுவானது, மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும். முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக் அழகு, வெளிச்சம் அதனுள் ஊடுருவும். வலு சர்க்கோனியாவில் பாதிக்கும் கீழே. உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய பழைய வகை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பீங்கான் சில்லு பெயர்வதும், வயதாகி ஈறு இறங்கும்போது ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிவதும் அதன் குறைகள். அதில் மலிவான உலோகக் கலவையில் நிக்கல் இருக்கக்கூடும். கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர்கள் இதை மறக்காமல் சொல்ல வேண்டும். தங்க உறையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், யாரும் பார்க்காத கடைசிப் பல்லுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு: குறைவாகத் தேய்த்தால் போதும், உடையாது, எதிர்ப்பல்லை நோகடிக்காது.

46 இல்லாமல் போனால்

பல்லைப் பிடுங்கிய இடம் வெறுமனே இருப்பதில்லை. பின்னாலுள்ள 47 முன்பக்கம் சாயும், மேலே எதிரிலுள்ள 16 துணை தேடிக் கீழே இறங்கும், தாடை எலும்பு சுருங்கும். இவை மாதங்களாய், வருடங்களாய் நடப்பவை என்பதால்தான் "ஒரு பல்தானே" என்று தோன்றுகிறது.

பாலம், அதாவது பிரிட்ஜ், அந்த இடத்தின் இருபுறத்துப் பற்களையும் தூண்களாக்குகிறது. 45க்கும் 47க்கும் உறை, நடுவே தொங்கும் போலிப்பல், மூன்றும் ஒரே துண்டு. விலைக்குறிப்பில் இது "3 யூனிட்". விலையும் அநேகமாக மூன்று உறையின் விலை. இல்லாதது ஒரு பல், காசு மூன்றுக்கா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பல்லைப் பிடுங்கிய கையோடு நிரந்தரப் பாலம் போடுவதில்லை. ஈறும் எலும்பும் சுருங்கி நிலைக்கச் சுமார் மூன்று மாதம் விடுவார்கள், இல்லாவிட்டால் போலிப்பல்லுக்குக் கீழே பிறகு சந்து விழும்.

நீளம் கூடினால் பாலம் வளையும், அதுவும் நேர்விகிதத்தில் அல்ல. இடைவெளி இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. ஒரு பல்லுக்கு அருமையாக நிற்கிற பாலம் மூன்று பல்லுக்குத் திண்டாடுவது இதனால்தான். வளையும் ஒவ்வொரு முறையும் தூண்களில் பசை கொஞ்சம் கொஞ்சமாக விடும். போலிப்பல்லும் தூணும் சேரும் இணைப்புக் கழுத்தும் தடியாக இருக்க வேண்டும்: கடைவாயில் மூன்று யூனிட் சர்க்கோனியாவுக்குச் சுமார் 9 சதுர மில்லிமீட்டர். பல் குட்டையானவர்களுக்கு அந்த உயரமே கிடைக்காது.

ஒரு பக்கம் மட்டும் தூண் வைத்துத் தொங்கவிடும் வகையும் உண்டு. கடைவாயில் அது நெம்புகோலாகித் தூணைப் புரட்டும், முன்பல்லில் சரி. மேரிலாந்து பாலம் இன்னும் சிக்கனமானது. பக்கத்துப் பல்லைப் பெரிதாகத் தேய்க்காமல் அதன் பின்புறத்தில் ஒரு மெல்லிய இறக்கையை ஒட்டிப் போலிப்பல்லை நிறுத்துவது. இரண்டு இறக்கையைவிட ஒற்றை இறக்கையே நன்றாக நிற்கிறது என்பது வேடிக்கை. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாலும் மற்றது பிடித்திருப்பதால் ஆள் கவனிப்பதில்லை, விட்ட பக்கம் உள்ளே சொத்தையாகும். ஒற்றை இறக்கை விட்டால் கையில் வந்துவிடும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

பாலமா, எலும்பில் திருகும் இம்பிளான்டா? எங்கள் கணிப்பு எளிது. 45ம் 47ம் ஒரு கீறலும் இல்லாத பற்கள் என்றால் அவற்றைத் தேய்க்க மனம் வரக்கூடாது, இம்பிளான்ட் பக்கம் பாருங்கள். இரண்டிலும் ஏற்கெனவே பெரிய அடைப்போ உறையோ இருந்தால் பாலம் நியாயமானது. பிடுங்கிய இடம் ஆறியபின் இரண்டு மூன்று வாரத்தில் வேலையும் முடியும், இம்பிளான்டுக்குப் பல மாதம் ஆகலாம். தூண்பல் ஆடினாலோ ஈறுநோய் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ பாலம் வேண்டாம், கழற்றி மாட்டும் பல்செட்டே மேல். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறுநோய் வேகமாக எலும்பைத் தின்னும் என்பதால் சர்க்கரை அளவை மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: போனது 47 என்றால், முன்னால் உள்ளவை நன்றாக இருந்து சாப்பிட முடிகிறதென்றால், எதையும் வைக்காமல் விடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

வெள்ளிக் கணக்கு

தனியார் மருந்தகங்களில் ஓர் உறை ஆயிரம் வெள்ளிக்கு முன்னும் பின்னுமாக இருக்கும். வேர்ச் சிகிச்சை, உள்ளே கட்டும் அடைப்பு, எக்ஸ்ரே, 9 விழுக்காடு பொருள் சேவை வரி இவையெல்லாம் அந்தத் தொகைக்குள்ளா வெளியிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசாங்கத்தின் சாஸ் (CHAS) மருத்துவ உதவித் திட்டத்தில் நீலம், ஆரஞ்சு அட்டை வைத்திருப்பவர்களுக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறைச் சலுகை பெறும் மூத்தோருக்கும் உறைக்கு உதவித்தொகை உண்டு. பாலத்துக்கும் அதே கணக்கு என்று எண்ணிக்கொண்டு போகாமல் முன்பே விசாரியுங்கள். மெடிசேவ் எனும் கட்டாய மருத்துவச் சேமிப்பு பொதுவாக அறுவைச் சிகிச்சை உள்ள பல் வேலைக்கே. இம்பிளான்ட் பதிப்பதற்கு உதவும் பணம் சாதாரண உறைக்குப் பல நேரம் உதவாமல் போவது அதனால்தான். சிக்கலான வாய் என்றால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குச் சலுகைக் கட்டணத்தில் போகலாம். காத்திருக்கத்தான் வேண்டும்.

கடற்பாலம் தாண்டி ஜொகூரில் பல் பாலம் போட்டுக்கொள்வோர் நிறையப் பேர். அங்கும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உறை ஒரே நாளில் முடிகிற விஷயமல்ல. கடி சரிசெய்ய, கழன்றால் ஒட்ட, நரம்பு வலித்தால் பார்க்க என்று திரும்பப் போக வேண்டிவரும். வெள்ளிக்கிழமை மாலை வரிசையில் பல்வலியோடு நிற்கத் தயாரா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஓரத்தைப் பார்த்துக்கொள்வது

சர்க்கோனியா சொத்தையாவதில்லை. அதன் ஓரத்தில், ஈறுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தப் பல்தான் சொத்தையாகிறது. நல்ல உறை 10, 15 வருடம் நிற்கிறது, அதற்கு மேலும் நிற்பவை உண்டு. சீக்கிரம் போகிறவற்றில் பல இந்த ஓரத்தில்தான் போகின்றன. தூரிகையை ஈறோரத்தில் சாய்த்து வைத்துத் தேய்க்க வேண்டும். பல்லிடைகளில் தினமும் ஃபிளாஸ். பாலத்தில் மூன்றும் ஒரே துண்டு என்பதால் சாதாரண நூல் மேலிருந்து இறங்காது. நுனி விறைப்பாகவும் நடுவில் பஞ்சுபோலவும் இருக்கும் சூப்பர் ஃபிளாஸை ஊசியில் நூல் கோப்பதுபோலப் பக்கத்திலிருந்து செருகி, போலிப்பல்லின் அடிவயிற்றைத் துடைக்க வேண்டும். சந்து பெரிதாக இருந்தால் பல்லிடைத் தூரிகை. இரவில் பல்லைக் கடிப்பவர்கள் காவல் தகடு போட வேண்டும். வெற்றிலை பாக்கும் ஐஸ் கட்டி கடிப்பதும் எந்த உறைக்கும் ஆகாது.

பாலத்தில் பயப்பட வேண்டியது அது விழுவதல்ல, விழாமல் இருப்பது. ஒரு தூணில் பசை விட்டுப்போய், மறுதூண் பிடித்துக்கொண்டிருந்தால் வலியில்லாமல், ஆடாமல், உள்ளே பல் அழுகும். கெட்ட வாடை, ஒரு பக்கம் மட்டும் ஏதோ கசியும் சுவை இவை அறிகுறிகள். பாலத்தை விரலால் மேலும் கீழும் அழுத்தும்போது ஓரத்தில் எச்சில் குமிழி வந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

உறை முழுசாகக் கழன்று வந்தால் கழுவி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஓரிரு நாளுக்குள் எடுத்துப் போங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். கடையில் விற்கும் சூப்பர் குளூ தடவி நீங்களே ஒட்டிவிட்டு வந்தால், உறை கோணலாக உட்கார்ந்து இறுகியிருக்கும். அதை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது செய்ய வேண்டிவரும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத்திணறலோ தொடங்கினால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்; அப்போது பல் மருந்தகம் திறக்கக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.